கலப்புப் பின்னமும் அன்றாடக் கணக்கும்: ஐதராபாத் தரும் பாடம்

தெலங்கானாவில் நிலத்தின் பரப்பை ஏக்கராலும் குண்டாவாலும் அளப்பது நெடுநாளைய வழக்கம். நாற்பது குண்டா கொண்டது ஓர் ஏக்கர். ஐதராபாத் நகரைச் சூழ்ந்த சிற்றூர் ஒன்றில் ஓர் உழவருக்கு ஓரிடத்தில் 1 ஏக்கர் 30 குண்டா நிலமும், மற்றோரிடத்தில் 1 ஏக்கர் 25 குண்டா நிலமும் இருப்பதாகக் கொள்வோம். ஏடுகளில் இவற்றை 1.30 என்றும் 1.25 என்றும் புள்ளியிட்டு எழுதுவது உண்டு. இவ்விரண்டையும் தசம எண்கள் எனக் கருதிக் கூட்டுபவருக்கு 2.55 என்ற விடை கிடைக்கும். அதனை இரண்டரை ஏக்கருக்குச் சற்று மிகுதி என்று அவர் படித்துவிட்டால், அந்த உழவரின் நிலம் 2 ஏக்கர் 22 குண்டாவாகச் சுருங்கிவிடும். உண்மையில் அவருக்கு உள்ளது 3 ஏக்கர் 15 குண்டா. இடையில் மறைந்துபோனது 33 குண்டா. குண்டாவுக்கு 121 சதுர கஜம் வீதம் 3,993 சதுர கஜம். நகரை ஒட்டிய பகுதிகளில் மனைகளுக்குச் சதுர கஜக் கணக்கிலேயே விலை பேசப்படுகிறது என்பதை நினைவிற் கொண்டால் இப்பிழையின் அளவு எளிதில் விளங்கும்.

உயர்கணிதம் அறியாமையால் நேர்ந்த பிழை அன்று இது. தொடக்க வகுப்புகளிலும் நடுநிலை வகுப்புகளிலும் கற்பிக்கப்படும் கலப்புப் பின்னக் கூட்டலும் கழித்தலும் விதிகளாக மனனம் செய்யப்பட்டு, அவற்றின் பொருள் உணரப்படாமல் போனதன் விளைவே ஆகும். தேர்வு முடிந்ததும் மறக்கப்படும் இப்பாடம், சந்தையிலும் நிலப் பதிவேட்டிலும் மனிதரைத் தொடர்ந்து வருகிறது. ஐதராபாத் நகரின் வரலாற்றிலும் வழக்காற்றிலும் இப்பாடத்தைத் தெளிவாக்கும் எடுத்துக்காட்டுகள் நிறையக் கிடைக்கின்றன.

பேச்சில் உறையும் கணிதம்

முழு எண் ஒன்றும் தகு பின்னம் ஒன்றும் சேர்ந்தது கலப்புப் பின்னம். 2¾ என்பதில் 2 முழு எண், ¾ பின்னம். இடையில் எந்தக் குறியும் எழுதப்படாவிட்டாலும் இரண்டும் கூட்டலால் இணைந்தவை. அதாவது 2¾ என்பது 2 + ¾. இயற்கணிதம் கற்கத் தொடங்கும் மாணவர், அடுத்தடுத்து எழுதப்பட்டவற்றைப் பெருக்க வேண்டும் எனப் பழகிவிடுவதால், இந்த மறைந்த கூட்டற்குறியை ஆசிரியர் வற்புறுத்திச் சொல்வது நலம்.

தமிழில் அக்கூட்டற்குறி மறைந்திருப்பதில்லை. 'இரண்டே முக்கால்' என்னும்போது இடையில் நிற்கும் ஏகாரமே கூட்டலைச் செய்கிறது. 'மூன்றே கால்', 'ஐந்தே அரைக்கால்' என்பனவும் அவ்வாறே. ஆயினும் தமிழ் வழக்கில் ஒரு வசதி இல்லை. ஐதராபாத்தின் தக்கணி உருது வழக்கில் அது இருக்கிறது. அங்கே ஒன்றேகாலைச் 'சவா' என்பர். ஒன்றரையை 'டேட்' என்பர். இரண்டரைக்கு 'டாயி' எனத் தனிச்சொல் உண்டு. மூன்றரை முதற்கொண்டு 'சாடே' என்ற அடைமொழி சேரும். இரண்டே முக்காலை மட்டும் 'பௌனே தீன்' என்று சொல்வர். 'தீன்' என்பது மூன்று. 'பௌனே' என்பது கால் குறைவு. ஆகவே 'பௌனே தீன்' என்றால் மூன்றுக்குக் கால் குறைவு. 2 + ¾ என்று தமிழர் கூட்டிச் சொல்வதை அவர்கள் 3 – ¼ என்று கழித்துச் சொல்கின்றனர். ஒரே அளவை இருவேறு வாயில்கள் வழியே அணுகுவது இது. கடிகாரத்தில் மணி சொல்வதற்கும் இதே சொல்லே பயன்படுகிறது.

செகந்திராபாத் படைவீடு ஏற்பட்ட காலம் முதலே அங்குத் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. அக்குடும்பங்களின் பிள்ளைகள் வீட்டில் 'இரண்டே முக்கால்' என்பதையும், கடைவீதியில் 'பௌனே தீன்' என்பதையும், தெலுங்கில் 'பாவு', 'முப்பாவு' என்பவற்றையும் ஒருங்கே கேட்டு வளர்கின்றனர். பள்ளியில் இது ஒரு குழப்பமாகக் கருதப்படக் கூடும். கணித ஆசிரியர் இதனைப் பெரும் வாய்ப்பாகவே கொள்ள வேண்டும்.

எடைகளும் அளவைகளும் பற்றிய 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே மெட்ரிக் முறை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. சேரும் வீசையும் மறைந்தன, கிலோகிராம் வந்தது. எனினும் கால் கிலோவை 250 கிராம் என்று கேட்பவரைக் காட்டிலும் 'பாவு கிலோ' என்று கேட்பவரே இன்றும் சந்தையில் மிகுதி. அலகு மாறியபோதும் பின்னம் மாறவில்லை.

சந்தைக் கூட்டல்

ஒன்றுபட்ட ஆந்திரப் பிரதேச அரசு 1999ஆம் ஆண்டில் 'ரைத்து பஜார்' என்ற பெயரில் உழவர் சந்தைகளைத் தொடங்கியது. தமிழ்நாட்டின் உழவர் சந்தைகளும் அதே ஆண்டில் தோன்றியவையே. இத்தகைய சந்தை ஒன்றில் ஒருவர் தக்காளி 1½ கிலோ, வெங்காயம் 2¾ கிலோ, பீர்க்கங்காய் ¾ கிலோ வாங்குகிறார். அவர் கையிலுள்ள பை ஐந்து கிலோவுக்கு மேல் தாங்காது. பை போதுமா?

பாடநூல் காட்டும் வழி வருமாறு: முழு எண்களைத் தனியே கூட்டினால் 1 + 2 = 3. பின்னங்களின் பகுதியை நான்காக்கிக் கூட்டினால் 2/4 + 3/4 + 3/4 = 8/4, அதாவது 2. மொத்தம் 5 கிலோ. பை போதும். காய்கறி விற்கும் அம்மையார் இவ்வாறு செய்வதில்லை. வெங்காயத்தை மூன்றாகக் கொண்டு, 1½ உடன் கூட்டி 4½ என்பார். கூடுதலாகக் கொண்ட காலை நீக்கி 4¼ என்பார். முக்காலைச் சேர்த்து ஐந்து என முடிப்பார். எழுதுகோல் எடுக்கும் நேரத்திற்குள் விடை வந்துவிடும். இதனைக் குறுக்குவழி என ஒதுக்குவது சரியன்று. 2¾ = 3 – ¼ என்ற உண்மையே இதற்கு அடிப்படை; 'பௌனே' என்ற சொல்லும் அதனையே கூறுகிறது.

கழித்தலில் நேரும் தடுமாற்றம்

கூட்டலைக் காட்டிலும் கழித்தலிலேயே மாணவர் மிகுதியும் தடுமாறுகின்றனர். ஒரு வீட்டில் 12½ கிலோ அரிசி இருந்தது. விருந்தொன்றிற்கு 4¾ கிலோ செலவாயிற்று. மீதி எவ்வளவு?

பலர் 12இலிருந்து 4ஐக் கழித்து 8 எழுதுவர். பிறகு ½இலிருந்து ¾ஐக் கழிக்க இயலாது எனக் கண்டு, இடத்தை மாற்றி ¾இலிருந்து ½ஐக் கழித்து, ¼ எனப் பெற்று, 8¼ என விடை தருவர். சிறியதைப் பெரியதிலிருந்துதான் கழிக்க வேண்டும் என்று முதல் வகுப்பில் பெற்ற பழக்கம் இங்குப் பகையாகிறது. விடையைச் சரிபார்க்க ஒரு வரி போதும்: 8¼ உடன் 4¾ஐக் கூட்டினால் 13 வருகிறது. பன்னிரண்டரை கிலோ இருந்த பாத்திரம் பதின்மூன்று கிலோவாக வளர்ந்திருக்க முடியாது.

சரியான விடையைப் பெற வழிகள் பல. இரு எண்களையும் தகா பின்னங்களாக்கினால் 25/2 – 19/4 = 50/4 – 19/4 = 31/4, அதாவது 7¾. இது பிழைக்கு இடந்தராத வழி; ஆனால் எண்கள் பெரிதாகும். 112½இலிருந்து 4¾ஐக் கழிப்பதற்கு 450/4 வரை செல்ல வேண்டுமா என்று நினைத்துப் பார்க்கலாம்.

இரண்டாவது வழியில், பன்னிரண்டு முழுக்களில் ஒன்றைப் பிரித்து நான்கு கால்களாக்கிக் கொள்ள வேண்டும். அப்போது 12½ என்பது 11 6/4 ஆகிறது. அதிலிருந்து 4 3/4ஐ நீக்கினால் 7 3/4. பள்ளிகளில் இதனைக் 'கடன் வாங்குதல்' என்கின்றனர். அச்சொல் பொருத்தமானதன்று என்றே கூறத் தோன்றுகிறது. கடன் என்றால் திருப்பித் தரவேண்டும். இங்கே எதுவும் திருப்பித் தரப்படுவதில்லை. 'சில்லறை மாற்றுதல்' என்பதே நடப்பதைச் சரியாக உணர்த்தும். ஒரு ரூபாயை நான்கு கால் ரூபாய்களாக மாற்றினால் பணம் கூடுவதும் இல்லை, குறைவதும் இல்லை.

மூன்றாவது வழி கடைக்காரருடையது. 4¾ஐ 5 எனக் கொண்டு கழித்தால் 7½. கூடுதலாகக் கழித்த காலைச் சேர்த்தால் 7¾. அல்லது 4¾இலிருந்து மேலே ஏறிச் செல்லலாம்: கால் சேர்த்தால் 5, ஏழு சேர்த்தால் 12, அரை சேர்த்தால் 12½; சேர்த்தவை ¼ + 7 + ½ = 7¾. பணம் பெற்று மீதி கொடுக்கும் வணிகர் பலர் கையாளும் முறை இதுவே. இம்மூன்றையும் அறிந்த மாணவர் ஒன்றால் செய்து மற்றொன்றால் சரிபார்க்கலாம். ஒன்றை மட்டும் அறிந்தவர் தம் விடையை நம்புவதற்கு வேறொருவரின் துணையை நாட வேண்டியவராகிறார்.

மான்யகேடத்துக் கணித நூல்

மேற்கண்ட எடுத்துக்காட்டுகளில் பகுதிகள் 2, 4 என எளியவையாக இருந்தன. பகுதிகள் வேறுபட்டு நிற்கும்போது பொதுப் பகுதி ஒன்றைத் தேட வேண்டியுள்ளது. பின்னங்களைக் கூட்டுவதற்கு மீச்சிறு பொது மடங்கைப் பயன்படுத்தும் முறையை முதன்முதலில் நூலில் வகுத்தவர்களுள் ஒருவர் தக்காணத்தைச் சேர்ந்தவர் என்பது பலர் அறியாத செய்தி. ஏறத்தாழ கி.பி. 850இல் மகாவீரர் என்ற சமண ஆசிரியர் 'கணித சார சங்கிரகம்' என்னும் நூலை வடமொழியில் இயற்றினார். இராஷ்டிரகூட மன்னன் அமோகவர்ஷனின் ஆதரவு பெற்றவர் அவர். அம்மன்னனின் தலைநகரான மான்யகேடம் இன்று மால்கேட் என்ற பெயருடன் கருநாடகத்தின் கலபுரகி மாவட்டத்தில் உள்ளது. 1956 நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்படும் வரை அவ்வூர் ஐதராபாத் மாநிலத்துள் அடங்கியிருந்தது.

பகுதிகளின் மீச்சிறு பொது மடங்கை மகாவீரர் 'நிருத்தம்' என்ற சொல்லால் குறித்தார். பதினோராம் நூற்றாண்டில் பாவுலூரி மல்லனர் இந்நூலைத் தெலுங்கில் தந்தார். பின்னர் சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ம. ரங்காச்சாரியார் மூலத்தை ஆங்கில மொழிபெயர்ப்புடன் பதிப்பிக்க, சென்னை அரசு அச்சகம் 1912இல் அதனை வெளியிட்டது. தமிழிலும் காரிநாயனாரின் 'கணக்கதிகாரம்', திண்ணைப் பள்ளிகளில் ஓதப்பட்ட எண்சுவடி ஆகியவை பின்னங்களுக்குப் பேரிடம் அளித்தன. கால், அரைக்கால், வீசம், மா, காணி, முந்திரி என இறங்கிச் செல்லும் தமிழ்ப் பின்னப் பெயர்களில், முந்திரி என்பது 320இல் ஒரு பங்கு. அக்காலச் சிறுவர் இவற்றின் வாய்பாட்டை மனப்பாடம் செய்தே கணக்கில் புகுந்தனர்.

மீச்சிறு பொது மடங்கு என்றதும் மாணவர் அஞ்சுவதற்குக் காரணமில்லை. சமுதாயமே பல அளவைகளில் பொதுப் பகுதியை முன்கூட்டித் தேர்ந்து வைத்துள்ளது. ஒரு பணியாளர் வீட்டிலிருந்து அலுவலகம் செல்ல 1⅓ மணி நேரமும், மாலையில் திரும்பி வர 1¾ மணி நேரமும் ஆகின்றன எனில் மொத்தம் எவ்வளவு? 3, 4 ஆகியவற்றின் மீச்சிறு பொது மடங்கு 12. ஆகவே 1 4/12 + 1 9/12 = 2 13/12 = 3 1/12 மணி. இதனையே 1 மணி 20 நிமிடம், 1 மணி 45 நிமிடம் எனக் கொண்டு கூட்டுபவர் 2 மணி 65 நிமிடம், அதாவது 3 மணி 5 நிமிடம் என்பார். அறுபது என்ற எண் 2, 3, 4, 5, 6 ஆகிய அனைத்தாலும் மீதியின்றி வகுபடுவதால் மூன்றிலொன்றும் முக்காலும் அங்கே முழு நிமிடங்களாகிவிடுகின்றன. மணியை நிமிடமாக்கத் தெரிந்த ஒவ்வொருவரும் தம்மை அறியாமலே பொதுப் பகுதியைக் கையாள்கின்றனர்.

ஹாலி சிக்காவும் நயா பைசாவும்

பழைய நாணய முறையும் இவ்வாறு அமைந்ததே. நிஜாம் ஆட்சியில் ஐதராபாத் மாநிலத்துக்கெனத் தனி நாணயம் இருந்தது. ஹாலி சிக்கா எனப்பட்ட அதன் ரூபாய்க்கு 16 அணா. அணாவுக்கு 12 பை. 5 ரூபாய் 4 அணாவிலிருந்து 2 ரூபாய் 11 அணாவைக் கழிக்க வேண்டுமாயின், ஐந்து ரூபாயில் ஒன்றைப் பதினாறு அணாவாக மாற்றி, 4 ரூபாய் 20 அணாவாக்கிக் கழித்து, 2 ரூபாய் 9 அணா மீதி எனக் கண்டனர். 5 4/16 – 2 11/16 = 2 9/16 என்ற கலப்புப் பின்னக் கழித்தலே இது. அணாக் கணக்கு அறிந்த தலைமுறையினர் பின்னத்தைக் கண்டு மருளாததற்குத் தனித்திறமை காரணமன்று. நாள்தோறும் கிடைத்த பயிற்சியே காரணம்.

ஐதராபாத் மக்களுக்கு இதற்கு மேலும் ஒரு சுமை வாய்த்தது. 1950இல் இந்திய ரூபாய் அம்மாநிலத்தில் நடைமுறைக்கு வந்தபோது, ஏழு ஹாலி ரூபாய்க்கு ஆறு இந்திய ரூபாய் என்ற விகிதம் பின்பற்றப்பட்டது. நூறு இந்திய ரூபாய்க்கு ஈடு 116⅔ ஹாலி ரூபாய். அதாவது 116 ரூபாய் 10 அணா 8 பை. மூன்றிலிரண்டு அழகாக அணாவிலும் பையிலும் அடங்கிவிட்டது. எதிர்த்திசையில் அவ்வாறு அமையவில்லை. ஒரு ஹாலி ரூபாய்க்கு ஈடு 13 5/7 இந்திய அணா. பை வரை இறங்கினாலும் 13 அணா 8 4/7 பை. ஏழு என்ற எண் 16ஐயோ 12ஐயோ வகுக்காது. ஆதலின் பின்னம் எஞ்சியே நின்றது. 1951இல் ஹாலி நாணய வெளியீடு நின்றது. எனினும் 1959இல் செல்லாததாக ஆகும் வரை இருவகை ரூபாயும் மக்கள் கையில் உலவின.

இதற்கிடையே 1957 ஏப்ரல் முதல் நாள் நாடு முழுவதும் நூறு நயா பைசா கொண்ட ரூபாய் வந்தது. பழைய ஓர் அணா 6¼ நயா பைசாவுக்குச் சமம். கால் நயா பைசா நாணயம் இல்லை. ஆகவே மாற்று அட்டவணையில் ஓர் அணாவுக்கு 6, இரண்டு அணாவுக்கு 12, மூன்று அணாவுக்கு 19, நான்கு அணாவுக்கு 25 எனக் கொள்ளப்பட்டது. ஓரணாப் பொருளையும் ஈரணாப் பொருளையும் தனித்தனியே வாங்கினால் 6 + 12 = 18 நயா பைசா; சேர்த்து வாங்கினால் மூன்று அணாவுக்கு 19. ஓரணாப் பொருள் பதினாறைத் தனித்தனியே வாங்கினால் 96. ஒரு ரூபாய்க்கு நான்கு குறைவு. விட்டுவிட்ட கால்களும் அரைகளும் எங்கும் மறைவதில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. கூட்டி முடித்த பின்னரே முழுமையாக்க வேண்டும், முன்னரே ஆக்கலாகாது என்ற விதி இங்கிருந்து பிறக்கிறது. பட்டியல் தயாரிக்கும் அலுவலர்களுக்கு இவ்விதி இன்றும் பொருந்தும்.

வாக்கியக் கணக்கின் இடம்

சந்தையில் கணக்கிடத் தெரிந்தவர் பள்ளியிலும் கணக்கிடுவார் என எதிர்பார்ப்பது இயல்பு. ஆய்வுகள் அவ்வாறு கூறவில்லை. பிரேசில் நாட்டின் ரெசிஃபே நகரில் தெருக்களில் பொருள் விற்ற ஐந்து சிறுவர்களை ஆராய்ந்து, தெரெசினா நூனஸ், டேவிட் கேரஹர், அனலூசியா ஷ்லீமன் ஆகியோர் 1985இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். விற்பனையின்போது கேட்கப்பட்ட கணக்குகளில் 98 விழுக்காடு சரியான விடை கிடைத்தது. அதே வகைக் கணக்குகளை வாக்கியக் கணக்குகளாகக் கொடுத்தபோது ஏறத்தாழ 74 விழுக்காடு. வெறும் எண்களாகக் கொடுத்தபோது 37 விழுக்காடு. அண்மையில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ முதலியோர் கொல்கத்தா, தில்லி சந்தைகளில் பணிபுரியும் 1,400க்கு மேற்பட்ட சிறுவர் சிறுமியரிடம் நடத்திய ஆய்வு 2025இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்தது. சந்தையில் மனக்கணக்காகவே செய்பவர்கள் பள்ளிக் கணக்கில் தடுமாறினர். பள்ளியில் மட்டும் கற்றவர்கள் சந்தைக் கணக்கில் தடுமாறினர்.

ஆகவே வாக்கியக் கணக்கு இரண்டுக்கும் இடையே அமைந்த பாலமாகும். ஆனால் அப்பாலம் உறுதியாக இருக்க வேண்டும். 'மொத்தம்' என்ற சொல் வந்தால் கூட்டு, 'மீதி' வந்தால் கழி என்று சொற்களைக் கொண்டு செயலைத் தேர்ந்தெடுக்கும் பழக்கம் பரவலாக உள்ளது. ஒரு கணக்கைப் பார்க்கலாம்: 'கடையிலிருந்த துணியில் 3¾ மீட்டர் விற்றபின் மீதி 8½ மீட்டர். முதலில் இருந்தது எவ்வளவு?' இங்கே 'மீதி' என்ற சொல் இருந்தும் கூட்டவே வேண்டும். விடை 12¼ மீட்டர். இன்னொரு கண்ணி, அளவுக்கும் பங்குக்கும் உள்ள வேறுபாடு. 'ஆறு மீட்டர் துணியில் கால் மீட்டர் வெட்டினார்' என்றால் எஞ்சுவது 5¾ மீட்டர். 'ஆறு மீட்டர் துணியில் கால் பங்கு வெட்டினார்' என்றால் எஞ்சுவது 4½ மீட்டர். ஒரு சொல் மாற ஒன்றேகால் மீட்டர் மாறிவிட்டது. விடை எழுதுமுன் ஏறத்தாழ எவ்வளவு வரும் என மதிப்பிடச் சொல்வது இக்குழப்பங்களுக்குச் சிறந்த காப்பு.

குண்டாக் கணக்கு

தொடக்கத்தில் கண்ட நிலக் கணக்கை இனி மீண்டும் நோக்கலாம். 1 30/40 + 1 25/40 = 2 55/40. ஐம்பத்தைந்து குண்டாவில் நாற்பது ஓர் ஏக்கராகிவிடுவதால் 3 15/40, அதாவது 3 ஏக்கர் 15 குண்டா. மணிக்கு அறுபதும் ரூபாய்க்குப் பதினாறும் போல ஏக்கருக்கு நாற்பது என்பதை நினைவிற் கொண்டால் வேறு சிக்கலில்லை. பின் ஏன் பிழை நேர்கிறது?

தமிழ்நாட்டிலும் கடலோர ஆந்திரத்திலும் ஏக்கருக்கு நூறு சென்ட். அங்கே 2.55 என்று எழுதினால் 2 ஏக்கர் 55 சென்ட். தசம எண்ணாகவே கூட்டலாம், கழிக்கலாம். தெலங்கானாவில் அதே புள்ளி வேறு பொருள் தருகிறது. 1956 முதல் 2014 வரை இவ்விரு வழக்குகளும் ஒரே மாநிலத்தின் இரு பகுதிகளில் நிலவின. ஒரு குண்டாவுக்கு 2½ சென்ட். ஆகவே 2 ஏக்கர் 15 குண்டா என்பது 2 ஏக்கர் 37½ சென்ட். சென்ட் கணக்கில் பழகிய ஒருவர் குண்டாக் கணக்கு எழுதப்பட்ட ஏட்டைப் படிக்கும்போது, புள்ளி தம்மை ஏமாற்றக்கூடும் என எச்சரிக்கையாக இருத்தல் வேண்டும்.

கணினி இச்சிக்கலைத் தீர்க்கவில்லை, ஒருவகையில் மிகுதியாக்கியுள்ளது. தெலங்கானாவின் நிலப் பதிவுகள் 2020 முதல் 'தரணி' என்ற இணையவழி அமைப்பிலும், 2025 முதல் அதற்கு மாற்றாக வந்த 'பூ பாரதி' அமைப்பிலும் பேணப்படுகின்றன. அலுவலர் ஒருவர் தம் சொந்தப் பயன்பாட்டுக்கு ஒரு கணினி அட்டவணை தயாரித்து, அதில் 1.30 எனப் பதிகிறார் எனக் கொள்வோம். கணினி இறுதிப் பூச்சியத்தைப் பொருளற்றதாகக் கருதி 1.3 எனக் காட்டும். அடுத்து அதைப் படிப்பவர் 1 ஏக்கர் 3 குண்டா என்று எழுதினால் 27 குண்டா போயிற்று. ஏக்கருக்கு ஒரு பத்தி, குண்டாவுக்கு மற்றொரு பத்தி என இரண்டாகப் பிரிப்பதே பாதுகாப்பான முறை. அல்லது அனைத்தையும் குண்டாவாக மாற்றிக் கூட்டி, இறுதியில் நாற்பதால் வகுக்கலாம்: 70 + 65 = 135; வகுத்தால் ஈவு 3, மீதி 15.

இதன் விளைவு நிலத்தோடு நிற்பதில்லை. 2025இல் தொடங்கிய 'ரைத்து பரோசா' உதவித் திட்டத்தின்படி உழவருக்கு ஏக்கர் ஒன்றுக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய், பருவத்துக்கு 6,000 ரூபாய் என்று அறிவிக்கப்பட்டது. குண்டாவுக்குப் பருவம் ஒன்றுக்கு 150 ரூபாய் ஆகிறது. 3 ஏக்கர் 15 குண்டாவுக்கு 20,250 ரூபாய். 2.55 ஏக்கர் எனத் தவறாகக் கொண்டால் 15,300 ரூபாய். கூட்டலில் நேர்ந்த ஒரு தவறு ஒரு பருவத்திற்கு 4,950 ரூபாயை இழக்கச் செய்யும்.

நாற்பது என்ற எண்ணுக்கும் ஒரு குறை உண்டு. பாதி, கால், அரைக்கால், ஐந்திலொன்று, பத்திலொன்று எல்லாம் அதில் முழுக் குண்டாவாக வரும். மூன்றிலொன்று வராது. ஓர் ஏக்கரை மூன்று உடன்பிறந்தார் சமமாகப் பிரித்துக்கொண்டால் ஒவ்வொருவருக்கும் 13⅓ குண்டா. மூவருக்கும் பதின்மூன்று என எழுதினால் ஒரு குண்டா எவருக்கும் இல்லாமற் போகும். ஒருவருக்குப் பதினான்கு என எழுதினால் மற்றவர் இருவரும் தலைக்கு ⅓ குண்டா, அதாவது 40⅓ சதுர கஜம் இழப்பர். ஒரு சிறு வீட்டு மனைக்கு அது போதுமான இடம். இங்கே பின்னத்தை முழுமையாக்குவது கணக்கர் தாமாகச் செய்யத்தக்க செயல் அன்று. சதுர கஜத்தில் எழுதினாலும் சரி, குண்டாவின் பின்னமாக எழுதினாலும் சரி, மூன்றிலொன்று ஏட்டில் நிற்க வேண்டும்.

மாணவர்கள் பயில்வதற்கு ஒரு கணக்கு: மேற்சொன்ன உழவர் தம் 3 ஏக்கர் 15 குண்டாவில் 28 குண்டாவை மகளின் திருமணச் செலவுக்காக விற்றார், சில ஆண்டுகள் கழித்து 1 ஏக்கர் 18 குண்டா வாங்கினார். இப்போது அவரிடம் உள்ளது எவ்வளவு? பதினைந்தில் இருபத்தெட்டு போகாது. மூன்று ஏக்கரில் ஒன்றை நாற்பது குண்டாவாக மாற்றினால் 2 ஏக்கர் 55 குண்டா. அதில் 28 போக 2 ஏக்கர் 27 குண்டா. அதனுடன் 1 ஏக்கர் 18 குண்டாவைச் சேர்த்தால் 3 ஏக்கர் 45 குண்டா, அதாவது 4 ஏக்கர் 5 குண்டா. புள்ளியிட்டு எழுதும் வழக்கப்படி இது 4.05. பூச்சியத்தை விட்டு 4.5 என்று எழுதினால், ஒருவர் நான்கு ஏக்கர் ஐந்து குண்டா என்றும், மற்றொருவர் நாலரை ஏக்கர், அதாவது 4 ஏக்கர் 20 குண்டா என்றும் படிப்பர். பதினைந்து குண்டா எவருடையது என்ற வழக்கு அங்கே தொடங்கிவிடும்.